பதினோரு நிமிடத்துக்காக ஒரு கோடைக்காலம்

இண்டியானாபோலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்கு டிரம் கோர் எனும் பித்தளை, முரசுக் குழுக்களின் இறுதிப் போட்டி பார்க்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். சீட்டைத் தேடி உடனே உள்ளே ஓடாதீர்கள், முதலில் 'லாட்'டுக்குப் போங்கள். மைதானத்துக்குள் நுழைவதற்கு முன்னால் குழுக்கள் கையையும் வாயையும் பழக்கிக்கொள்ளும் வெட்டவெளியை ரசிகர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பேருந்துகளும் லாரிகளும் நிற்கிற தார்த் தரைதான். ஆகஸ்ட் மாதத்து வெயில் மாலையிலும் அதிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில், தோளில் மாட்டிய முரசுகளோடு, இருபது வயதுப் பிள்ளைகள் வளைவாக நிற்பார்கள். அவர்களிடமிருந்து நாலடி தள்ளி நாம் நிற்கலாம்.

முதலில் ஸ்னேர் வரிசை. எட்டு அல்லது ஒன்பது பேர். முரசின் மேல்பரப்பு கெவ்லார் இழையால் ஆனது. முறுக்கி முறுக்கி இறுக்கியிருப்பார்கள். குச்சி பட்டதும் துள்ளி எழும். சத்தம் வறண்டு, கூர்மையாக, நெஞ்செலும்பில் வந்து மோதும். ஒன்பது பேர் அடிக்கிறார்கள். காதில் விழுவது ஒரே அடி. குச்சி எவ்வளவு உயர வேண்டும் என்பதற்குக்கூட அங்குலக் கணக்கு உண்டு. மெல்லிய அடிக்கு மூன்று அங்குலம், பலத்த அடிக்குப் பன்னிரண்டு. ஒன்பது குச்சிகளும் ஒரே உயரத்தில் ஏறி ஒரே நொடியில் இறங்குவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு கோடு எழுந்து படுப்பது தெரியும்.

அடுத்து பேஸ் டிரம்கள். ஐந்து பேர், ஐந்து அளவு. சின்னது பதினெட்டு அங்குலம், பெரியது முப்பதைத் தொடும். என்னைக் கட்டிப் போட்டவர்கள் இவர்கள்தாம். ஒரே ஓட்டமாகப் போகும் அடிக்கட்டை ஐந்தாகப் பிரித்து ஆளுக்கோர் அடி என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். 'தகதிமி தகஜொணு' என்ற சொற்கட்டை ஐந்து பேர் வரிசையாக நின்று ஆளுக்கோர் எழுத்தாகச் சொல்லி, கேட்பவருக்கு ஒரே வாய் சொன்னதாகத் தோன்ற வைக்க முடியுமானால் அதுதான் இது. நிமிடத்துக்கு 180 தாளம் போகும்போது, ஒரு தாளத்துக்கு நாலு அடி வீதம், ஒருவர் அடிக்கும் அடுத்தவர் அடிக்கும் இடையே விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். நடுவில் நிற்பவர் அதிலும் ஒரு துளி பிந்தினால் அது எல்லோருக்கும் கேட்டுவிடும். நான் அவர்களுடைய கண்களைக் கவனித்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. விரல்களில் சுற்றிய வெள்ளை டேப் வியர்வையில் கறுத்திருந்தது. ஓட்டம் தொடங்குவதற்கு முந்தைய நொடியில் ஐந்து மார்பும் சேர்ந்து மேலே ஏறின. அந்த மூச்சில்தான் கணக்கு இருக்கிறது.

சுற்றி நின்ற கூட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள், பெண் பிள்ளைகள். மார்ச்சிங் பேண்டில் முரசடிப்பவர்கள் என்பது அவர்களுடைய விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. தொடையில் அதே அடிக்கட்டைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். முழுவதும் மனப்பாடம்.

நட்சத்திரம் இல்லாத மேடை

குடியரசு தினத்தில் நாம் பார்க்கும் அணிவகுப்பு பேண்டை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நிமிடத்திலேயே எல்லாம் மாறிவிடும். டிரம் கோரும் படையிலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் தங்கள் சங்கங்களில் பியூகிளையும் முரசையும் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள், ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டார்கள். பிறகு அதையே தெருப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று அது ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதையும் மேடையாகக் கொண்ட கலை. ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம். டிரம்பெட், மெலோஃபோன், பாரிடோன், டூபா என்று பித்தளை ஊதுகருவிகள். முரசு வரிசை. மைதானத்தின் முன்கோட்டில் மரிம்பா, வைப்ரஃபோன் முதலானவை. நகர முடியாததால் ஓரிடத்தில் நின்று வாசிக்கும் அந்த அணிக்குப் 'பிட்' என்று பெயர். கொடி, மரத் துப்பாக்கி, வாள் இவற்றைச் சுழற்றி ஆடும் கலர் கார்டு. கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் சாக்ஸஃபோனுக்கும் இடமே கிடையாது. நிகழ்ச்சி பத்துப் பதினோரு நிமிடம் ஓடும். யார் கையிலும் தாள் இருக்காது. ஊதிக்கொண்டே, அடித்துக்கொண்டே ஓடுவார்கள், பின்னோக்கி நடப்பார்கள், பக்கவாட்டில் பாய்வார்கள், ஆடுவார்கள்.

உறுப்பினர்களுக்கு 22 வயது வரைதான் அனுமதி. யாருக்கும் சம்பளம் கிடையாது. தனிப்பாட்டு வாசிக்கும் ஒருவர் அரை நிமிடம் முன்னால் வருவார். வாசித்து முடித்ததும் ஓடிப்போய்த் தன் புள்ளியில் நின்றுகொள்வார். இதை இத்தனை வருஷமாக நான் விரும்புவதற்கு அதுவே போதும். நட்சத்திரத்துக்காக நடக்காத ஒரு கலை பார்க்கக் கிடைப்பது அரிது.

புள்ளி என்றேன். கால்பந்து மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அந்த ஐந்து கஜத்தை எட்டுக் காலடியில் கடப்பது இவர்களுடைய அடிப்படைக் கணக்கு. ஒரு காலடி சுமார் 57 சென்டிமீட்டர். 'நாற்பதாம் கோட்டிலிருந்து உள்பக்கம் இரண்டேகால் காலடி, முன் கோட்டிலிருந்து ஆறு காலடி பின்னால்' என்பது மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம். ஒரு நிகழ்ச்சியில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஜூன் மாதம் முழுவதும் நடந்து நடந்து காலுக்குப் பழக்குவார்கள். மேலே அமர்ந்திருக்கும் நமக்கு வட்டம் சதுரமாவதும், சதுரம் சுழன்று பிரிவதும் தெரியும். கீழே இருப்பவருக்கு அது தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் தோளும் தன் கணக்கும்தான் அவருக்குத் தெரியும்.

இதைவிடக் கடினம் ஒலி. மைதானத்தின் ஆழம் 53 கஜத்துக்குக் கொஞ்சம் மேல், நம் கணக்கில் ஏறக்குறைய 49 மீட்டர். பின்கோட்டில் ஊதிய ஒலி முன்கோட்டுக்கு வந்து சேர விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகிறது. அகலவாட்டில் நூறு கஜம். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கால் விநாடிக்கு மேல். நிமிடத்துக்கு 180 தாளம் போகும் பாட்டில் ஒரு தாளமே விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, காதில் விழுவதை நம்பி எல்லோரும் ஊதினால் பாட்டு மைதானத்திலேயே கிழிந்துபோகும். அதனால் இவர்கள் கேட்பதற்கே ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். பின்னால் நிற்கும் முரசு வரிசை காதைப் பூட்டிக்கொண்டு, தாளம் காட்டி நடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்க்கும். முன்னால் இருக்கும் பிட், டிரம் மேஜரைப் பார்க்காமல் பின்னாலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்துகொள்ளும். முன்னால் இருப்பவர் பின்னால் கேட்கலாம், பின்னால் இருப்பவர் முன்னால் கேட்கக் கூடாது. இது சரியாக அமைந்த நிகழ்ச்சியில் மொத்தக் குழுவின் ஒலியும் ஐம்பது கஜக் கோட்டுக்கு நேரே மேலே அமர்ந்திருப்பவரின் காதுக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும்.

பித்தளை முழுவதும் நம்மை நோக்கித் திரும்பி உச்சத்தில் ஊதும் இடத்தைப் பற்றி எழுதிப் புரியவைப்பது கடினம். காற்று தடிக்கிறது. சட்டையின் நெஞ்சுப் பகுதி அதிர்வதை விரல் வைத்துப் பார்க்கலாம். மேல்கூரை மூடிய லூகாஸ் ஆயிலில் அந்த ஒலி திரும்பி வந்து மறுபடியும் அடிக்கும். திறந்த வானத்தின் கீழே பள்ளிக்கூட மைதானத்தில் கேட்பதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். அங்கே ஒலி சுத்தமாக வந்து சுத்தமாகப் போய்விடும். யூடியூபில் பார்த்தேன், போதும் என்பவர்களுக்கு என் பதில்: நீங்கள் பார்த்தது வரைபடம்.

ஜிம்னேசியத் தரையில் ஒரு கோடை

மே மாதத்தில் ஏதாவது ஒரு கல்லூரியிலோ பள்ளியிலோ கூடுவார்கள். அங்கே தொடங்குகிறது காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைப் பயிற்சி. ஜூன் கடைசியில் போட்டிகள் ஆரம்பமாகும். அதன்பிறகு ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வரை பேருந்து வாழ்க்கை. ஓர் ஊரில் இரவு போட்டி முடியும், சாமான்களை ஏற்றுவார்கள், பேருந்திலேயே தூங்கிக்கொண்டு சில நூறு மைல் போவார்கள், விடியலில் இன்னோர் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஜிம்னேசியத் தரையில் காற்று மெத்தையை விரித்து மிச்சத் தூக்கம். எழுந்ததும் வெயிலில் பயிற்சி. ஆளுக்கு ஒரு காலன் தண்ணீர்க் குடம், ஏறக்குறைய நாலு லிட்டர். ஒரு நாளில் அதைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கும்.

குழுவோடு ஒரு லாரிச் சமையலறையும் ஊர் ஊராகப் போகும். நாளுக்கு நாலு வேளைச் சாப்பாடு. கடைசி வேளை போட்டி முடிந்து நள்ளிரவை ஒட்டி. சமைப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். உறுப்பினர்களின் அம்மா அப்பாக்கள், முன்னொரு காலத்தில் அதே குழுவில் ஊதியவர்கள். தங்கள் விடுமுறையை எடுத்துக்கொண்டு வந்து இருநூறு பேருக்கு முட்டை பொரிக்கிறார்கள். கிழிந்த உடையைத் தைப்பதற்கென்றே ஊசி நூலோடு கூடவே வருகிற பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். பேரனோ பேத்தியோ அந்தக் குழுவை விட்டுப் போனபிறகும் இவர்கள் வருகிறார்கள்.

இத்தனைக்கும் பிள்ளைகள் பணம் கட்ட வேண்டும். பெரிய குழுக்களில் ஒரு கோடைக்கான கட்டணம் ஐயாயிரம் டாலரை ஒட்டியும் தாண்டியும் போய்விட்டது. கோடையில் வேலை செய்து சம்பாதித்திருக்கக்கூடிய தொகையை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லாட்டில் அந்த ஐந்து பேஸ் டிரம்காரர்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மனதில் ஓடிய கேள்வி இதுதான்: இவர்களுக்குச் சமமான கை உள்ள ஆறாவது ஒருவர் எந்த ஊரில் எந்தக் கடையில் கல்லாவில் நிற்கிறாரோ.

மாதா கோயில் வாசலிலிருந்து

இந்தக் கேள்வி வலிப்பதற்குக் காரணம், டிரம் கோர் பணக்காரர்களின் கலையாகத் தொடங்கவில்லை என்பது. போர்வீரர் சங்கங்கள், கத்தோலிக்க மாதா கோயில்கள், சாரணர் படைகள் இவைதான் குழுக்களை நடத்தின. தொழிற்சாலை ஊர்களில் தெருவுக்குத் தெரு ஒரு குழு என்கிற அளவுக்கு நூற்றுக்கணக்கில் இருந்தன. வால்வே இல்லாத பழைய பியூகிளும் ஒரு முரசும் கிடைத்தால் போதும், எந்தப் பிள்ளையும் சேரலாம். பாஸ்டன் குருசேடர்ஸ் 1940-ல் ஒரு கத்தோலிக்க மாதா கோயிலின் குழுவாகத் தொடங்கியது. நியூஜெர்சியின் கேடட்ஸ் 1934-ல் அப்படியே.

சங்கங்கள் வகுத்த விதிகளுக்குள் அடைபட்டுக்கிடக்க விரும்பாத குழுக்கள் சேர்ந்து தொடங்கியதுதான் டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ. முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது. வென்றது கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென். அந்தக் குழு இன்று இல்லை. அன்றிருந்தவற்றில் பெரும்பாலானவை இல்லை. இன்று உயர்மட்டப் பிரிவில் போட்டியிடுபவை இருபதை ஒட்டித்தான். கலிஃபோர்னியாவின் காங்கார்டு நகரத்து புளூ டெவில்ஸ் மட்டும் 1976-லிருந்து 2023 வரை 21 பட்டங்கள் வென்றிருக்கிறது. அதன் 2014 நிகழ்ச்சி வாங்கிய 99.65-ஐ இதுவரை யாரும் தொடவில்லை.

அதனால்தான் 2025 ஆகஸ்டின் முடிவு பழைய ரசிகர்களுக்கு அத்தனை பெரிதாக இருந்தது. டிசிஐயைத் தொடங்கிய குழுக்களில் ஒன்றான பாஸ்டன் குருசேடர்ஸ், இறுதிச் சுற்றின் பன்னிரண்டு குழுக்களில் ஒன்றாக வருவதற்கே 1999 வரை காத்திருந்த குழு. பல முறை மூடும் நிலைக்குப் போய்த் திரும்பியது. மைதானத்தில் குழுக்கள் அணிவகுத்து நிற்க, பன்னிரண்டாம் இடத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு பெயராக அறிவிப்பார்கள். உன் பெயர் எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு நல்லது. அன்று பாஸ்டனின் பெயர் கடைசிவரை வரவேயில்லை. எண்பத்தைந்து வருஷக் குழுவின் முதல் டிசிஐ பட்டம். 'பூம்' என்று பெயர் வைத்த நிகழ்ச்சி. சிவப்புச் சட்டை போட்ட பழைய உறுப்பினர்கள், எழுபது வயதைத் தாண்டியவர்கள், நாற்காலிகளைத் தாண்டி வந்து முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். பரிசுத் தொகைக்காக அல்ல, ஒரு பாடல் விற்பனைக்காக அல்ல. தாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது ஊதிய குழு, அவ்வளவுதான்.

0.025

மதிப்பெண் நூறுக்கு. அதில் நாற்பது, ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு. இசைக்கு முப்பது, காட்சிக்கு முப்பது. 1983 வரை வேறு முறை இருந்தது: நடுவர்கள் மைதானத்தில் குழுவோடு நடந்துகொண்டே தவறைத் தேடி, ஒவ்வொரு தவறுக்கும் பத்தில் ஒரு புள்ளியைக் கழிப்பார்கள். அந்த முறையில் துணிந்து கடினமானதைச் செய்பவருக்கு நஷ்டம், சுலபமானதைச் சுத்தமாகச் செய்பவருக்கு லாபம். அதை ஒழித்ததால்தான் இந்தக் கலை இவ்வளவு வளர்ந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் புதிய முறை கொடுமைகள் இல்லாததல்ல. 2008 இறுதிப் போட்டியைச் சொல்கிறேன். இண்டியானாபோலிஸில் புது ஸ்டேடியம் கட்டி முடியாததால் ப்ளூமிங்டனில், இண்டியானா பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தது. இல்லினாய்ஸ் மாநிலம் ராக்ஃபோர்டைச் சேர்ந்த ஃபேன்டம் ரெஜிமென்ட், 'ஸ்பார்ட்டகஸ்' கதையை எடுத்திருந்தது. ரோமாபுரியின் அடிமைகள் எழுந்த கதை. கச்சதுரியான் அதே பெயரில் எழுதிய பாலே இசையும் அதில் உண்டு. எதிரில் புளூ டெவில்ஸ்.

நான் இதைப் பதிவில்தான் பார்த்தேன், எத்தனையோ தடவை. டிரம் கோர் கதை சொல்லத் தொடங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் கதையை இவ்வளவு நேராக, ஒளிவுமறைவில்லாமல் சொன்ன நிகழ்ச்சி குறைவு. எல்லா வாத்தியமும் அடங்கிய இடத்தில் 'நான்தான் ஸ்பார்ட்டகஸ்' என்று ஒருவர் கத்துகிறார். மைதானத்தின் வேறொரு மூலையிலிருந்து இன்னொருவர். பிறகு இன்னொருவர். தலைவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கும் அடிமைகள். ஊதுபவரும் முரசடிப்பவரும் கொடி பிடிப்பவரும் ஒரே பெயரைத் தங்கள் பெயராகச் சொல்கிறார்கள். நட்சத்திரம் இல்லாத கலை என்று மேலே சொன்னேனே, அதை ஒரு குழு கதையாகவே எடுத்துக்கொண்டு நடித்தது அன்றுதான். கூட்டம் எழுந்துவிட்டது.

முடிவு: ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125. புளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. இசையிலும் காட்சியிலும் ஒரு நடுவர் கூட்டியோ குறைத்தோ தரும் பத்தில் ஒரு புள்ளி, மொத்தக் கணக்கில் பாதியாகிவிடும். அதே பிரிவுக்கு இரண்டு நடுவர் இருந்தால் அதிலும் பாதி. அந்தப் பாதியின் பாதிதான் இந்த 0.025. ஒரே ஒரு நடுவரின் பேனா ஒரு கோடு நகர்ந்திருந்தால் கணக்கு வேறு. 1996-ல் இதே இரண்டு குழுக்களும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன; பகிர்வதற்கும் அன்று விதியில் இடம் இருந்தது. 2008-ன் புளூ டெவில்ஸ் வாசித்ததிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

1993-ல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு 0.1 புள்ளியில் பட்டத்தை கேடட்ஸிடம் இழந்தது. கூட்டத்தில் பலருக்கு அன்று அந்த நிகழ்ச்சி புரியவில்லை; இன்று அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். அந்தக் குழு அதன்பிறகு போட்டிக்கே வரவில்லை. மேடைக்குப் போனது. அதன் வழியாகப் பிறந்த 'பிளாஸ்ட்' 2001-ல் பிராட்வேயில் டோனி விருது வாங்கியது. மதிப்பெண்ணை வைத்து யார் பெரியவர் என்று சண்டை போடும் இளம் ரசிகர்களுக்கு நான் இந்த இரண்டு வருஷத்தையும் சொல்வதுண்டு.

ஒலிபெருக்கியும் டீசலும்

2004-ல் ஒலிபெருக்கி வந்தது. 2009-ல் சின்தசைசர். இன்றும் ரசிகர்கள் இரண்டு கட்சி. பித்தளையும் தோலும் தவிர எதுவும் வேண்டாம் என்ற கட்சியை நான் மதிக்கிறேன், சேரவில்லை. 2014-ல் ஓஹையோவின் புளூகோட்ஸ் 'டில்ட்' என்ற நிகழ்ச்சியில் மொத்தப் பித்தளையும் மின்னிசையும் சேர்ந்து ஒரு சுரத்தைச் சரித்துக் கீழே இழுத்த இடத்தைக் கேட்டவர் யாரும் இதைத் தடை செய்யச் சொல்ல மாட்டார். ஆனால் பல குழுக்கள் டூபாவின் அடித்தளம் நிற்க வேண்டிய இடத்தில் சின்தசைசரின் உறுமலை ஊற்றி நிரப்புகின்றன. பதினைந்து கிலோவை ஒட்டிய கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளையின் மூச்சு நமக்குக் கேட்காமல் போகிறது. அது தவறு. அதைச் சொல்ல நடுவர்களுக்கும் ரசிகர்களுக்கும் தயக்கம் வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மைதானத்தில் வந்து நிற்கும் பிரம்மாண்டமான செட்டுகள். சாய்வுப் பலகைகள், கோபுரங்கள், வளையங்கள். அழகாக இருக்கின்றன; 2016-ல் புளூகோட்ஸ் வளைந்த சறுக்குப் பலகைகளை வைத்துத் தன் முதல் பட்டத்தை வென்றபோது நானும் கைதட்டியவன்தான். ஆனால் ஒவ்வொரு செட்டையும் ஊர் ஊராகத் தூக்கிப்போக இன்னொரு லாரி வேண்டும், ஓட்டுநர் வேண்டும், டீசல் வேண்டும். அந்தச் செலவின் ஒரு பங்கு பிள்ளைகளின் கட்டணத்தில் வந்து விழுகிறது. பார்க்கிற கண்ணுக்கு நிறைவாக இருக்கும் ஒவ்வொரு சேர்க்கையும் வாசலைக் கொஞ்சம் குறுக்குகிறது.

பத்து டிசிஐ பட்டங்கள் வென்ற கேடட்ஸ் 2024-ல் தன் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. தொண்ணூறு வருஷக் குழு. கடந்த காலத்துப் பாலியல் கொடுமைப் புகாரை ஒட்டிய வழக்கும், அதனால் வந்த பண நெருக்கடியும் காரணம். அந்தக் குழுவின் இசையைக் கேட்டு வளர்ந்த ரசிகர்களுக்கு இது துக்கம்தான். ஆனால் குழுவின் பெருமையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு காலத்தில் பெரியவர்கள் மௌனமாக இருந்தால், அதற்கான விலையைப் பிற்காலத்துப் பிள்ளைகள் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். பிள்ளைகளை மூன்று மாதம் வீட்டிலிருந்து பிரித்துக் கூட்டிப்போகும் எந்த அமைப்பும் முதலில் காட்ட வேண்டியது அவர்களுடைய பாதுகாப்பை. பட்டங்களைப் பிறகு காட்டலாம்.

கடைசி இரவு

இறுதிப் போட்டியின் இரவு இன்னொரு வகையிலும் இறுதி. வயது வரம்பை எட்டியவர்களுக்கு அதுதான் கடைசி நிகழ்ச்சி. அடுத்த கோடையில் அவர்கள் எவ்வளவு நன்றாக ஊதினாலும் அந்த மைதானத்தில் இடமில்லை. நிகழ்ச்சிக்கும் அதே விதி. அந்தக் கோடைக்கென்று எழுதப்பட்டது அந்த இரவோடு முடிகிறது. மறுவருஷம் அதே குழு வேறொன்றைச் செய்யும். கடைசி சுரம் ஓய்ந்து குழு வெளியேறும்போது கவனித்துப் பாருங்கள். சிலர் உடனே நடக்க மாட்டார்கள். கலர் கார்டுப் பெண் ஒருத்தி, பதினோரு நிமிடத்தில் ஒருமுறைகூடக் கொடியைத் தவறவிடாதவள், வெளிவாசலை அடைந்ததும் கொடிக்கம்பைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். யாரும் சமாதானம் சொல்லவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பள்ளி மார்ச்சிங் பேண்டில் வாசிக்கும் பிள்ளைகள் இன்று நிறைய. வெள்ளிக்கிழமை இரவுகளில் மைதான ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் அப்பா அம்மாக்களுக்கு நான் சொல்வதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியை நீங்களே போய்ப் பாருங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை டெக்சஸ், ஓஹையோ, விஸ்கான்சின், ஜார்ஜியா என்று பல மாநிலங்களில், பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானங்களில், இந்தப் போட்டிகள் நடக்கின்றன. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் லாட்டில் நில்லுங்கள். இருக்கையைக் கொஞ்சம் உயரத்தில் நடுவாகப் பார்த்து வாங்குங்கள். சேர விரும்பும் பிள்ளைகளுக்கான தேர்வு முகாம்கள் நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடும். கட்டணத்தைக் கேட்டுப் பின்வாங்குவதற்கு முன்னால் உதவித்தொகை உண்டா என்று குழுவிடம் கேளுங்கள், பல குழுக்கள் தருகின்றன. பிள்ளைகள் யாரும் உங்கள் வீட்டில் வாசிக்கவில்லை என்றால், நுழைவாயில் பக்கம் குழுக்கள் சட்டையும் தொப்பியும் விற்கும் கடையில் ஒன்றாவது வாங்குங்கள். அந்தப் பணம் அன்றிரவே அவர்களுடைய டீசலுக்கும் நள்ளிரவுச் சாப்பாட்டுக்கும் போய்ச் சேர்கிறது.